குடிநீர்க் கணக்கு யாருக்கு?

2025ஆம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் திருச்சி உறையூரில் வாந்தியும் வயிற்றுப்போக்கும் கண்டு பலர் படுக்கையில் விழுந்தார்கள். ஒரு குழந்தை உட்படச் சில உயிர்கள் பிரிந்தன. குழாயில் வந்த குடிநீரில் சாக்கடை கலந்துவிட்டதென்றும், நாற்றம் வீசுகிறதெனத் தாங்கள் முன்பே சொல்லியும் கேட்பாரில்லையென்றும் அத்தெருக்களின் ஜனங்கள் முறையிட்டார்கள். குடிநீரைப் பரிசோதித்துப் பார்த்தாயிற்று, அதில் தோஷமில்லை, கோயில் திருவிழாவையொட்டி வழங்கப்பட்ட உணவும் பானமுமே காரணமாக இருக்கக்கூடும் என்று அதிகாரிகள் தரப்பில் பதில் வந்தது. தண்ணீரா, திருவிழாப் பானமா என்ற விவகாரம் சில நாட்கள் பத்திரிகைகளில் அடிபட்டது. பிறகு ஓய்ந்தது.

எவர் கூற்று மெய்யென்று தீர்ப்புக் கூற நாம் இன்று முன்வரவில்லை. அவ்விதம் தீர்ப்புக் கூறுவதற்கு வேண்டிய சாட்சியம் பொதுஜனங்களின் கையில் இல்லை என்பதே நமது குறை. நியாயஸ்தலங்களில் பழகியவர்களுக்கு ஒரு விஷயம் நன்றாகத் தெரியும். விவகாரம் எழுந்த பிறகு, சம்பந்தப்பட்ட கட்சிக்காரரே தயாரித்துக்கொண்டு வரும் தஸ்தாவேஜுக்கு மதிப்புக் குறைவு. விவகாரம் இன்னதென்று எவரும் நினைத்துப் பாராத காலத்தில், வழக்கமான அலுவல் முறையில், நாள்தோறும் எழுதப்பட்டு வந்த ஏட்டுக்கே மதிப்பு அதிகம். அந்தத் தெருக் குழாயில் மார்ச்சு மாதக் கடைசியில் குளோரின் எவ்வளவு இருந்தது? ஏப்ரல் முதல் வாரத்தில் எவ்வளவு இருந்தது? நாற்றம் பற்றிய முதல் புகார் எந்தத் தேதியில் எந்தப் புத்தகத்தில் பதியப்பட்டது? அதன்மேல் என்ன செய்தார்கள்? இந்த நான்கு கேள்விகளுக்கும் விடை எழுதிய ஓர் ஏடு, எவரும் பார்க்கும்படி, அந்த வார்டிலேயே ஒரு சுவரில் தொங்கியிருந்தால் விவகாரம் ஒரு நாழிகையில் தீர்ந்திருக்கும். தண்ணீர் கெட்டிருந்தால் முதல் குழந்தை நோயில் விழுவதற்கு முன்பே அது தெரிந்திருக்கும். தண்ணீர் நல்லதாயிருந்தால் அதிகாரிகள் வீண்பழிக்கு ஆளாகியிருக்க மாட்டார்கள். ஆகவே, நாம் கேட்பது ஜனங்களுக்கு மாத்திரமன்றி நேர்மையான உத்தியோகஸ்தர்களுக்கும் கவசமாகும்.

உறையூருக்கும் தென்னூருக்கும் தூரம் அதிகமில்லை. அங்கே நேர்ந்தது இங்கே நேராது என்பதற்குத் தென்னூர்வாசிகளிடம் என்ன ஆதாரம் இருக்கிறது? குழாயைத் திறந்து முகர்ந்து பார்ப்பதைத் தவிர வேறு ஆதாரம் இல்லை.

நேயர்கள் இந்தக் குளோரின் விஷயத்தைச் சிறிது பொறுமையோடு கேட்க வேண்டுகிறோம். நமது நகரத்துக்குக் காவிரி, கொள்ளிடம் ஆற்றுப்படுகைகளில் இறக்கிய கிணறுகளிலிருந்து நீர் கிடைக்கிறது. ஆற்று மணலே பெரும்பாலும் அதை வடிகட்டிவிடுகிறது. அதில் குளோரின் சேர்த்து, மேல்நிலைத் தொட்டிகளுக்கு ஏற்றி, குறித்த வேளைகளில் தெருக்களுக்குத் திறந்துவிடுகிறார்கள். புறப்படும் இடத்தில் நீர் நல்ல நீரே. கெடுவது வழியில்தான். குழாயில் நீர் நிறைந்து அழுத்தத்துடன் ஓடும்போது எங்கேனும் விரிசல் இருந்தால் நீர் வெளியே கசியுமேயன்றி வெளியிலிருப்பது உள்ளே புகாது. நீரை நிறுத்தியவுடன் நிலைமை மாறிவிடுகிறது. குழாய் காலியாகிறது. பக்கத்திலே சாக்கடைக் குழாயும் கசிந்துகொண்டிருந்தால் அந்த அழுக்கு நீர் விரிசல் வழியாக உள்ளே இறங்குகிறது. மறுநாள் திறந்துவிட்டதும் முதலில் வரும் நீரில் அது கலந்து வீட்டுக்குள் வருகிறது. குழாயிலேயே மோட்டாரை மாட்டி நீரை உறிஞ்சும் புண்ணியவான்கள் இருக்கும் தெருவிலோ கேட்க வேண்டியதில்லை. தமது தொட்டிக்கு நீரையும் அயலார் வீட்டுக்குச் சாக்கடையையும் சேர்த்தே இழுத்துக் கொடுக்கிறார்கள்.

குளோரின் இங்கேதான் காவற்காரன் வேலை செய்கிறது. தொட்டியில் சேர்த்த குளோரினில் சிறிதளவு தெருக்கோடிக் குழாய் வரைக்கும் மிஞ்சி நிற்க வேண்டும். லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது இருக்க வேண்டுமென்பது இந்தியத் தரநிர்ணயம் 10500 கூறும் விதி. ஒரு தெருவில் இந்த அளவு சரியாக இருந்து, அடுத்த தெருவில் திடீரென்று மறைந்துபோனால், அங்கே ஏதோ அசுத்தம் உள்ளே புகுந்து அதைத் தின்றுவிட்டது என்று சந்தேகிக்க வேண்டும். இதைக் கண்டுபிடிக்கப் பெரிய சாஸ்திரக்கூடம் வேண்டியதில்லை. ஒரு சிறு கண்ணாடிக் குழாய், சில சொட்டு மருந்து, நிறத்தை ஒப்பிட ஓர் அட்டை. சில நிமிஷங்களில் வேலை முடிந்துவிடும். பள்ளிக்கூடத்துப் பிள்ளையும் செய்யலாம். ஈ. கோலி என்னும் மலக்கிருமி 100 மில்லிலிட்டர் நீரில் ஒன்றுகூடக் காணப்படலாகாது என்பது மற்றொரு விதி. அந்தப் பரிசோதனைக்குத்தான் ஆய்வுக்கூடமும் ஏறக்குறைய ஒரு நாள் அவகாசமும் வேண்டும்.

எத்தனை தடவை பரிசோதிப்பது? ஐந்து லட்சத்துக்கு மேற்பட்ட ஜனங்கள் குழாய்த் தண்ணீர் குடிக்கும் ஊரில், 50,000 பேருக்கு வருஷத்துக்கு 12 மாதிரிகள் வீதமும், அதன்மேல் 600 மாதிரிகளும் எடுத்துக் கிருமி பார்க்க வேண்டுமென்று உலக சுகாதார ஸ்தாபனம் வழிகாட்டியிருக்கிறது. 2011ஆம் வருஷக் குடிக்கணக்கின்படி திருச்சி மாநகராட்சியின் ஜனத்தொகை 8,47,387. கணக்குப் போட்டால் வருஷத்துக்குச் சுமார் 800 மாதிரிகள் ஆகின்றன. 65 வார்டுகளுக்கும் பங்கிட்டால் வார்டுக்கு மாதம் ஒன்று வருகிறது. இது மலையைப் பெயர்க்கும் காரியமன்று. இதைவிட அதிகமாகவே மாதிரிகள் எடுக்கப்படுகின்றன என்று அதிகாரிகள் சொல்லக்கூடும். சந்தோஷம். அந்த ஏடு எங்கே என்பதே நமது கேள்வி.

கணக்கே எழுதப்படுவதில்லை என்று நாம் சொல்லவில்லை. கணக்கு மிதமிஞ்சி எழுதப்படுகிறது. 2008ஆம் வருஷத்தில் மத்திய சர்க்காரின் நகர அபிவிருத்தி மந்திரி இலாகா குடிநீர், கழிவுநீர், குப்பை, மழைநீர் வடிகால் ஆகிய நான்கு துறைகளுக்கும் 28 அளவுகோல்களை வகுத்தது. தலைக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர், 24 மணி நேரமும் நீர், கணக்கின்றிப் போகும் நீர் நூற்றுக்கு 20க்கு மேற்படாமை, தரப் பரிசோதனையில் நூற்றுக்கு நூறு என்பன அவற்றுள் சில. பதின்மூன்றாவது நிதிக் கமிஷனோ, இந்த அளவுகளைப் பிரசுரம் செய்தாலொழிய மானியத்தில் ஒரு பங்கு கிடையாது என்று நிபந்தனையும் போட்டது. அவ்வளவுதான், தேசமெங்கும் நகரசபைகள் எண்களை எழுதி கெஜட்டில் ஏற்றிவிட்டன. மானியம் வந்தது. கெஜட்டைப் படித்துவிட்டுக் குழாயைத் திறந்த குடித்தனக்காரரை நாம் இன்னும் சந்திக்கவில்லை.

அந்தக் கைப்புத்தகத்தில் ஒரு நல்ல அம்சம் இருந்தது. அதை எவரும் பேசுவதில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் அது எவ்வளவு நம்பத்தக்கது என்று ஏ, பி, சி, டி என நான்கு வகுப்பாகக் குறிக்க வேண்டும் என்பதே அது. மீட்டர் வைத்து அளந்திருந்தால் மேல்வகுப்பு. மீட்டரே இல்லாமல் பம்பு ஓடிய மணிக்கணக்கை வைத்து உத்தேசமாகச் சொன்னால் கீழ்வகுப்பு. ஒரு சர்க்கார் தஸ்தாவேஜு தன் சொந்த எண்ணைப் பற்றித் தானே சந்தேகம் தெரிவிப்பது நமது நாட்டில் அபூர்வமான காட்சி. மேலே போகப்போக அந்தச் சந்தேகக் குறி உதிர்ந்துவிடுகிறது. எண் மாத்திரம் மிஞ்சுகிறது. டில்லி மேசையை அடையும்போது உத்தேசம் உண்மையாகிவிடுகிறது. 65 வார்டுகளின் சராசரி ஒரே எண்ணாகச் சென்று சேர்கிறது. ஒரு வார்டில் நாள்தோறும் நல்ல நீர் வருவதும், மற்றொரு வார்டில் மஞ்சள் நீர் வருவதும் அந்தச் சராசரிக்குள் கைகோத்து மறைந்து விடுகின்றன.

சுத்தத்தில் எந்த நகரம் முதல் என்று வரிசைப்படுத்தும் வழக்கமும் 2016 முதல் நடந்து வருகிறது. அவ்வருஷம் 73 நகரங்களுக்குள் மைசூரு முதலாவதாகவும், சண்டிகர் இரண்டாவதாகவும், நமது திருச்சி மூன்றாவதாகவும் வந்தன. நாமும் மகிழ்ந்தோம். 2017இல் திருச்சி ஆறாவதாயிற்று. அதன் பின் சில வருஷங்களில் நூறுக்கும் கீழே இறங்கிற்று. பட்டியலில் நகரங்களின் தொகையும் மதிப்பெண் முறையும் மாறிக்கொண்டே வந்திருக்கின்றன. ஆகவே, மூன்றாவதாக இருந்தபோது நமது சாக்கடைகள் சந்தனம் மணந்தன என்றோ, நூறுக்குக் கீழே போனபோது ஊர் அழுகிவிட்டது என்றோ எவரும் கருத வேண்டியதில்லை. எந்தத் தெருக் குழாயைத் தோண்டிப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வரிசை நமது என்ஜினீயருக்குச் சொல்லாது. அதுவே நாம் கவனிக்க வேண்டியது.

இந்தூரின் கதையைப் பாருங்கள். வருஷாவருஷம் முதலிடம் பெற்ற நகரம் அது. 2025 டிசம்பர் இறுதியில் அந்நகரின் பாகீரதபுரா பகுதியில் குழாய்த் தண்ணீரைக் குடித்தவர்கள் கூட்டங்கூட்டமாக நோயுற்றார்கள், பலர் மாண்டார்கள். ஒரு கழிப்பறைக்கு அடியில் சென்ற பிரதானக் குழாயில் கசிவு கண்டதாகப் பின்னர் அறிவிக்கப்பட்டது. இறந்தவர் எத்தனை பேர் என்பதிலேயே அதிகாரிகள் ஒரு தொகையும் அத்தெருவார் வேறொரு தொகையும் சொன்னார்கள். சுத்தத்துக்குப் பட்டம் பெற்ற ஊரிலே பிணங்களின் எண்ணிக்கைகூட விவாதத்துக்குரியதாயிற்றென்றால், எந்தக் கணக்கைத்தான் அந்நகரம் ஒழுங்காக வைத்திருந்தது என்று கேட்கத் தோன்றுகிறதல்லவா?

கணக்கு எவருக்காக எழுதப்படுகிறதோ அவருக்கே பயன்படும். இது புதிய செய்தியன்று. 1859இல் பிரிட்டிஷார் இந்தியாவிலுள்ள தங்கள் பட்டாளத்தின் சுகாதார நிலையை விசாரிக்க ஒரு ராயல் கமிஷனை நியமித்தனர். பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் கட்டுக்கட்டாகப் புள்ளிவிவரங்களைத் திரட்டி அதற்குக் கொடுத்தார். சண்டையைவிட நோயே சிப்பாய்களை அதிகமாகக் கொல்லுகிறது என்பது எண்களால் ருஜுவாயிற்று. அதன் பலனாக 1864இல் சென்னை உள்ளிட்ட மாகாணங்களில் சுகாதாரக் கமிஷன்கள் ஏற்பட்டன. பாளையங்களுக்குச் சுத்தமான நீர் வந்தது. நமது திருச்சி நகரசபை 1866இல் ஏற்பட்டது. பாளையத்துக்கு அப்பாலிருந்த ஜனங்களின் பிறப்பு இறப்புகளும் பேதிச் சாவுகளும் ஏடுகளில் எழுதப்பட்டே வந்தன. ஆனால், ஏட்டைக் கேட்டு வாங்கக்கூடியவன் பட்டாளத்தான், எழுதப்பட்டவன் குடியானவன். பட்டாளத்தானுக்குக் குழாய் வந்தது. குடியானவனுக்கு வருஷாந்தர அறிக்கையில் ஒரு வரி கிடைத்தது.

லண்டனில் இதற்கு நேர்மாறாக நடந்த காரியமும் உண்டு. 1854இல் பிராட் தெருவைச் சுற்றிக் காலரா பரவியபோது ஜான் ஸ்னோ என்ற வைத்தியர், எந்தெந்த வீட்டில் சாவு, அவ்வீட்டார் எந்தக் குழாயில் நீர் எடுத்தார்கள் என்று வீடு வீடாகச் சென்று விசாரித்தார். சாவுகள் ஒரே ஒரு பம்பைச் சுற்றி மொய்த்திருப்பது தெரிந்தது. அந்த வட்டாரத்தின் நிர்வாகிகளிடம் ஏட்டைக் காட்டினார். மறுநாள் பம்பின் கைப்பிடி கழற்றப்பட்டது. காலராக் கிருமி இன்னதென்று வைத்திய உலகம் ஒப்புக்கொள்ளாத காலம் அது. நுண்ணோக்கி சாதிக்காததைத் தெருவாரிக் கணக்கு சாதித்தது. கணக்கு எழுதியவருக்கும் கைப்பிடியைக் கழற்றும் அதிகாரமுடையவர்க்கும் இடையே நாலே தெருக்கள் இருந்தன. இன்று நமது கணக்குக்கும் நமது கைப்பிடிக்கும் இடையே சென்னை இருக்கிறது, டில்லி இருக்கிறது.

உலக அளவிலும் இந்தக் குறை உண்டு. உலக சுகாதார ஸ்தாபனமும் யூனிசெப்பும் 1990 முதல் தேசந்தோறும் குடிநீர், கழிப்பறைக் கணக்கைச் சேர்த்து வருகின்றன. நல்ல நீர் கிடையாதவர்களின் விகிதத்தைப் பாதியாகக் குறைக்க வேண்டுமென்ற லட்சியம் 2015க்கு ஐந்து வருஷம் முன்னதாகவே நிறைவேறிவிட்டதென்று 2012இல் பறைசாற்றினார்கள். எதை எண்ணினார்கள்? குழாயும் மூடிய கிணறும் கைபம்பும் இருக்கின்றனவா என்று எண்ணினார்கள். அவற்றில் வரும் நீரில் கிருமி இருக்கிறதா என்று எண்ணவில்லை. பின்னர் அளவுகோலைத் திருத்தி, வீட்டிலேயே, வேண்டும்போது, கிருமியற்று வருகிறதா என்று கேட்டார்கள். உடனே சுமார் 200 கோடிப் பேர் கரையேறாதவராய்த் தெரிந்தனர். ஜனங்கள் குடித்த நீர் மாறவில்லை, கேள்விதான் மாறிற்று.

நமது சர்க்காரின் கழிப்பறைக் கணக்கும் அத்தகையதே. 2018ஆம் வருஷத்தின் பிற்பாதியில் தேசிய மாதிரி ஆய்வினர் வீடு வீடாகக் கேட்டபோது, கிராமங்களில் நூற்றுக்குச் சுமார் 71 குடும்பங்களுக்கே கழிப்பறை வசதி இருப்பதாக விடை வந்தது. அதே காலத்தில் கட்டிய கழிப்பறைகளை எண்ணிய சர்க்கார் கணக்கோ நூற்றுக்கு 90க்கு மேல் என்றது. மானியத்துக்கு ஆசைப்பட்டு ஜனங்கள் இல்லையென்று சொல்லியிருக்கலாம் என்று சர்க்கார் சமாதானம் கூறிற்று. சிலர் அவ்விதம் சொல்லியுமிருக்கலாம். 2019 அக்டோபர் 2ஆம் தேதி கிராமங்களில் திறந்தவெளி மலஜலம் ஒழிந்ததென்று விளம்பரமாயிற்று. 2019 முதல் 2021 வரை நடந்த குடும்ப சுகாதார ஆய்வு நூற்றுக்கு 19 குடும்பங்கள் எந்தக் கழிப்பறையையும் உபயோகிப்பதில்லையென்றது. கட்டினதை எண்ணுவது கொத்தனார் கணக்கு. உபயோகிப்பதை எண்ணுவதே சுகாதாரக் கணக்கு. தவிரவும், கழிப்பறையோடு விஷயம் முடியவில்லை. குழியிலிருந்து அள்ளிய லாரி எங்கே போய்க் கொட்டிற்று, பஞ்சப்பூர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்து சேர்ந்ததா, வழியில் ஏதேனும் வாய்க்காலுக்கு விருந்தாயிற்றா என்பதையும் எழுத வேண்டும். 2015இல் தொடங்கிய தமிழ்நாடு நகர்ப்புறச் சுகாதார ஆதரவுத் திட்டத்தார் திருச்சியையே ஒரு மாதிரி நகரமாகக் கொண்டு இந்த நோக்கில் வேலை செய்ததை நன்றியுடன் குறிப்பிடுகிறோம்.

இவற்றுக்கெல்லாம் மேலாக, அடிப்படையான குடிக்கணக்கே பழையது. 2021இல் எடுத்திருக்க வேண்டிய கணக்கு தள்ளிப்போய், 2027 என்று குறிக்கப்பட்டது. 2011க்குப் பின் பிறந்த குழந்தைகள் பள்ளிக்கூடத்தில் மேல்வகுப்புக்கு வந்துவிட்டார்கள். தண்ணீர்ப் பங்கீட்டுப் புத்தகத்தில் அவர்கள் இன்னும் பிறக்கவில்லை.

இனித் தென்னூருக்கு வருவோம். பெரிய ஸ்தாபனங்களின் பெரிய ஏடுகளைப் பார்த்துச் சலித்த கண்ணுக்குத் தென்னூர் கல்மந்தையின் சிறிய ஏடு ஆறுதல் அளிக்கிறது. அங்கே ஏழைகள் நெருங்கி வாழும் குடியிருப்பு. பொதுக் கழிப்பறை இருந்தும் பராமரிப்பின்றிக் கிடந்த காலத்தில், பெண்கள் விடியுமுன்னும் இருட்டிய பின்னும் வெளியே ஒதுங்க வேண்டியிருந்தது. கிராமாலயா என்ற உள்ளூர்த் தொண்டு ஸ்தாபனம், வாட்டர் எய்ட் என்ற வெளிநாட்டு ஸ்தாபனத்தின் உதவியோடு, அவ்விடத்துப் பெண்களையே குழுவாகச் சேர்த்தது. மாநகராட்சியின் சம்மதத்தோடு கழிப்பறை நிர்வாகம் அப்பெண்களின் கைக்கு வந்தது. 2002இல் இந்தியாவிலேயே திறந்தவெளி மலஜலம் ஒழிந்த முதற் குடிசைப்பகுதி கல்மந்தை என்று அறிவிக்கப்பட்டது. நாட்டின் ராஜதானியில் இதுபற்றிய பெருந்திட்டம் பிறப்பதற்குப் பன்னிரண்டு வருஷங்களுக்கு முன் நடந்த காரியம் இது.

அப்பெண்கள் எழுதிய கணக்கு என்ன? வாசலில் ஒருவர் உட்கார்ந்து சிறு கட்டணம் வாங்கிச் சீட்டுக் கொடுப்பார். மாலையில் சீட்டையும் காசையும் எண்ணி நோட்டில் எழுதுவார்கள். செலவுக்கு எதிர்ப்பக்கம். இவ்வளவுதான் புள்ளிவிவரம். ஆனால், இதில் எவ்வளவு அடங்கியிருக்கிறது என்று பாருங்கள். இன்று நேற்றைவிடச் சீட்டுக் குறைந்தால் ஏதோ கோளாறு: தண்ணீர் வரவில்லை, விளக்கு எரியவில்லை, அல்லது கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை. எழுதுகிறவரே அந்தத் தெருவில் இருப்பவர். காரணம் அவருக்குத் தெரியும். சரிசெய்யப் பணம் அதே பெட்டியில் இருக்கிறது. மறுநாள் சீட்டு ஏறுகிறதா என்று அவரே பார்க்கலாம். கணக்கும், தீர்மானமும், பலனும் ஒரே வாசற்படியில் இருந்தன. எழுதியவர்களில் பலர் அதிகம் படித்தவர்களல்லர். பொய் எழுதுவதில் அவர்களுக்கு லாபமும் இல்லை. எழுதினால் மறுநாள் காலையில் தாமே அந்தக் கழிப்பறைக்குள் போக வேண்டும்.

நகரம் முழுவதையும் சீட்டுப் புத்தகத்தால் ஆள முடியுமா என்று சில படித்த நண்பர்கள் புன்னகை செய்யலாம். கம்போடியாவின் ராஜதானியான நாம்பென் நகரைப் பார்க்கட்டும். யுத்தத்தில் சின்னாபின்னமான அந்நகரில் 1993இல் குழாயில் விட்ட நீரில் நூற்றுக்கு 72 பங்கு கணக்கின்றிப் போயிற்று. நாளொன்றுக்குப் பத்து மணி நேரமே நீர் வந்தது. எக் சொன் சான் என்பவர் நிர்வாகத்தை ஏற்று, முதற் காரியமாக வீடு வீடாக ஆட்களை அனுப்பி, யாருக்குக் குழாய் இருக்கிறது, யாருக்குப் பில் போகிறது என்று ஒத்துப்பார்த்தார். குழாயிருந்தும் பில் இல்லாதவர் ஆயிரக்கணக்கில். பில் இருந்தும் ஆளே இல்லாத பெயர்களும் ஆயிரக்கணக்கில். பிறகு மீட்டர் வைத்தார். பெரிய மனிதர்களின் வீட்டுக்கும் வைத்தார். பதினைந்து வருஷங்களுக்குள் இழப்பு நூற்றுக்கு ஆறளவுக்கு இறங்கிற்று. நாள் முழுதும் நீர் வந்தது. நமது நாட்டிலேயே, ஜகந்நாதர் கோயில் கொண்ட பூரியில் 2021 ஜூலை முதல் குழாய் நீரை அப்படியே குடிக்கலாமென்று ஒடிசா சர்க்கார் ஏற்பாடு செய்து, நீரின் தரத்தைப் பொது இடங்களில் திரையிலும் காட்டிற்று. யாத்திரிகர் பெருங்கூட்டமாக வந்து போகும் ஊர் அது. ஸ்ரீரங்கம் அதனினும் எவ்வகையில் குறைந்தது?

ஆக்ஷேபங்கள் வரும். நீர் ஒருநாள் கெட்டிருந்ததென்று பலகையில் எழுதினால் பீதி பரவும் என்பார்கள். உறையூரில் பலகை இல்லை. பீதி இல்லாமலா போயிற்று? வதந்திக்கு மருந்து தினசரி எழுதப்படும் எண். இன்று இந்தத் தெருவில் குளோரின் இல்லை, காய்ச்சிக் குடியுங்கள் என்று எழுதினால் ஜனங்கள் காய்ச்சிக் குடிப்பார்கள். பணமில்லை என்பார்கள். ரத்லம் நகரசபை இந்த வாதத்தை உச்ச நீதிமன்றம் வரை கொண்டு போயிற்று. சாக்கடை நாற்றம் பொறுக்கமாட்டாமல் ஒரு வார்டு ஜனங்கள் மாஜிஸ்திரேட்டிடம் முறையிட, அவர் உத்தரவு போட, நகரசபை தன் பெட்டி காலியென்று அப்பீல் செய்தது. ஜனங்களுக்கு அடிப்படைச் சுகாதாரம் அளிக்கும் கடமையிலிருந்து நிதியின்மையைக் காட்டித் தப்ப முடியாதென்று 1980இல் நீதிபதி கிருஷ்ண ஐயர் தீர்ப்பளித்தார். சாக்கடை கட்டுவதற்கே அந்த வாதம் செல்லாதென்றால், சுண்ணக்கட்டியும் கரும்பலகையும் வாங்குவதற்கு எங்ஙனம் செல்லும்?

சட்டமும் நமக்குத் துணையாயிருக்கிறது. 2005ஆம் வருஷத்துத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் நான்காவது பிரிவு, எவரும் மனுப்போடுவதற்கு முன்பே அதிகார ஸ்தாபனங்கள் தாமாகத் தகவல்களை வெளியிட வேண்டுமென்று கூறுகிறது. பத்து ரூபாய் ஸ்டாம்பு ஒட்டி, முப்பது நாள் காத்திருந்து, சென்ற மாதத்துத் தண்ணீர் எப்படியிருந்ததென்று தெரிந்துகொள்வது, குடித்துப் பிழைத்தவனுக்கே சாத்தியம்.

ஆய்வு செய்கிறவரும் நீர் விடுகிறவரும் ஒருவராகவே இருப்பது மற்றொரு குறை. பிரதிவாதியே சாட்சியாகவும் நீதிபதியாகவும் இருக்கும் ஏற்பாடு அது. மாநகராட்சி தினந்தோறும் குளோரின் பார்க்கட்டும். மாதம் ஒருமுறை கிருமிப் பரிசோதனையைக் கிண்டி கிங் இன்ஸ்டிடியூட்டோ, நகரிலுள்ள கல்லூரி ஆய்வுக்கூடமோ, மாநகராட்சிக்குக் கட்டுப்படாத வேறெதுவோ செய்யட்டும். மாதிரி எடுக்கும் இடத்தை வார்டு ஜனங்களே சீட்டுப்போட்டுக் குறிக்கட்டும். இல்லாவிட்டால் தொட்டிக்கு அடியிலுள்ள குழாயிலேயே வருஷம் முழுதும் மாதிரி எடுக்கப்படும்; நூற்றுக்கு நூறு மார்க்கும் வரும். தெருக்கோடிக் குழாயில்தான் உண்மை தெரியும்.

2022இல் தமிழ்நாடு சர்க்கார் வகுத்த விதிகளின்படி நகரங்களில் வார்டுக் குழுக்களும் பகுதி சபைகளும் ஏற்பட்டிருக்கின்றன. அவை கூடுவதும் கலைவதும் பலருக்குத் தெரிவதில்லை. தெரிந்து போகிறவர்களும் தெருவிளக்கைப் பற்றிப் பேசிவிட்டு வந்துவிடுகிறார்கள். இந்த சபைகளையே நாம் நம்பியிருக்கிறோம். நமது நேயர்களில் ஊர்வேலையில் ஈடுபட்ட இளைஞர்கள் பலர். மேடையில் தண்ணீர்ப் பஞ்சம் பற்றி ஒரு மணி நேரம் பிரசங்கம் செய்ய அவர்களால் முடியும். அந்த ஒரு மணி நேரத்தில் தெருவில் பத்துக் குழாய்களின் குளோரினைப் பார்த்து எழுதிவிடலாம் என்பதையும் அவர்கள் யோசிக்க வேண்டுகிறோம். மாநகராட்சியின் எண்ணும் தங்கள் எண்ணும் ஒத்திருந்தால் ஒத்திருக்கிறதென்று சொல்லட்டும். ஒவ்வாவிட்டால் இரண்டையும் சபையில் வைக்கட்டும்.

நாம் மாநகராட்சியைக் கேட்பது இதுதான். ஒவ்வொரு மேல்நிலைத் தொட்டியின் அடியிலும், ஒவ்வொரு வார்டு அலுவலகத்தின் வாசலிலும் தமிழில் ஒரு பலகை. அதில் தேதி, தெரு, குளோரின் அளவு, நீர் விட்ட நேரம், பரிசோதித்த சிப்பந்தியின் கையெழுத்து. பரிசோதிக்காத நாளில் பரிசோதிக்கவில்லை என்றே எழுத வேண்டும். காலியிடத்தை நேற்றைய எண்ணால் நிரப்பலாகாது. பக்கத்தில் புகார்ப் புத்தகம். புகாருக்கு எதிரே, செய்த வேலையும் தேதியும். முதற்பலகையை உறையூரிலும் இரண்டாவதைத் தென்னூரிலும் வைக்கலாம்.

பகுதி சபை அடுத்த முறை கூடும்போது தென்னூர்வாசிகள் வேறு எதையும் பேசுவதற்கு முன், தங்கள் தெருவுக்கு நீர் வரும் தொட்டியின் சென்ற மூன்று மாதத்துக் குளோரின் ஏட்டை மேசைமேல் வைக்கும்படி கவுன்சிலரைக் கேட்க வேண்டும். ஏடு இல்லையென்று பதில் வந்தால் அந்தப் பதிலையே தீர்மானமாக எழுதி, தேதியிட்டு, வந்திருந்தவர்கள் எல்லோரும் கையெழுத்திட்டுக் கமிஷனருக்கு அனுப்ப வேண்டும்.